கிக் டிரம்முக்குள் போன போர்வை

"ஏனுங்க, டிரம்மர் எப்பங்க வருவாரு?"

கேட்டவர் சவுண்டுக்காரர். இடம் முதலமடையில் ஒரு மாங்காய் ஷெட். சீசன் முடிந்து காலியாகக் கிடந்ததால் எங்கள் பங்க் ராக் பேண்டுக்குக் கச்சேரி மேடையாகக் கிடைத்தது. அப்போது நான் டிரம் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன், கையில் இரண்டு குச்சியோடு.

"நான்தாங்க."

"அட, அப்படீங்களா! பரவால்லீங்க, சும்மா மெல்லமாத் தட்டுங்க. நான் மைக்குல ஏத்தி உட்டுக்கறேன்."

எட்டு வருடமாக வாசிக்கிறேன். இந்த வசனம் மட்டும் ஊருக்கு ஊர் மாறுவதில்லை.

அன்று சண்டை போடத் தெம்பில்லை. மகள் பிறந்த பிறகு அதுதான் முதல் மேடை. எங்கள் ஊர் மாட்டுப்பட்டியிலிருந்து கிளம்பும்போதே எங்கள் பாடகி செல்வி, "முடியலன்னா சொல்லிருட்டி. மெஷின் வச்சு ஒப்பேத்திக்கிடலாம்" என்றிருந்தாள். கரிசனம்தான். ஆனால் நடுவில் ஒரு தடவை நிறுத்தினால், அடுத்த வாரம் என் இடத்தில் டிரம் மெஷின் உட்கார்ந்திருக்கும்.

டயப்பர், வெந்நீர், காய்ச்சல் மருந்து, பிள்ளைக்குக் காதுமூடி என்று மூன்று முறை சரிபார்த்த நான், தலையணையை மறந்திருந்தேன். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்முக்குள் எதையாவது திணிக்காவிட்டால் சத்தம் அடங்காது. வேறு வழியில்லாமல் பிள்ளையின் போர்வையைத் திணித்தேன். முன்பக்க ஓட்டைக்குள் சவுண்டுக்காரர் மைக்கைச் செருகினார்.

மூன்றாவது பாட்டின் நடுவில் என் கணவர் முருகன் மேடையோரம் வந்தார். தோளில் மகள் கதறிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, போர்வை எங்க?"

"டிரம்முக்குள்ள!"

நல்ல தாய் நிறுத்தியிருப்பாளோ என்னவோ. இன்றுவரை யோசிக்கிறேன். கை நிற்கவில்லை, மிதிப்பதை மட்டும் விட்டேன். முருகன் பிள்ளையோடு தவழ்ந்து வந்து போர்வையை உருவினார். அதில் சிக்கி மைக்கும் வெளியே வந்து, பிள்ளையின் வாயருகே போனது. மகளின் கதறல் ஸ்பீக்கரில் வெடித்தது.

செல்வி பாடுவதை விட்டு, பிள்ளையைப் பார்த்து, "பாடுட்டி மக்கா!" என்றாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. நான் மறுபடி மிதித்தேன். போர்வையும் இல்லை, மைக்கும் இல்லை. தகரக் கூரை அதிர்ந்தது.

சவுண்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். "மெல்லமா அடிங்க!"

"மெல்லமாத்தாங்க தட்டுறேன்!"

முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து பாராட்டினார்கள், முருகனை. "கொழந்தைய என்னமாப் பாத்துக்கறாருங்க! நீங்க குடுத்து வெச்சவங்க." சொந்தப் பிள்ளையை ஒரு மணி நேரம் தூக்கியதற்கு அவருக்கு எலுமிச்சை சர்பத். எனக்கு, "கை வலிக்கலீங்களா?"

வண்டியில் ஏறும்போது செல்வி மெஷின் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த ஒத்திகை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.

டிரம் பழகும் தாய்மார்களுக்கு நான் சொல்வது இதுதான். போர்வை இரண்டாக எடுத்து வையுங்கள். இரண்டும் பிள்ளைக்கு.