நில் என்று சொன்ன வரி

மன்னிப்புக் கடிதத்தை அவர்களே தட்டச்சு செய்து மேலாளரின் மேஜைமேல் தயாராக வைத்திருந்தார்கள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ‘போதிய அறிவின்றி நான் எழுதிய ஸ்கிரிப்டால் ஸ்கேன் படங்கள் அழிந்தன’ என்ற இடத்தில் டைப்பக்காவின் கண் நின்றது. பதினோரு வருடமாக அந்த ஸ்கேன் மையத்தில் அடுத்தவர் கடிதங்களைத் தட்டச்சு செய்தவள். பெயரே அப்படித்தான் வந்தது. அவள் பேரில் ஒரு கடிதம் தயாரானது இதுதான் முதல் தடவை. அதுவும் இந்த லட்சணத்தில்.

“போட்டுட்டுப் பழைய சீட்டுக்கே போயிருங்கக்கா. யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல,” என்றார் சிஸ்டம் பொறுப்பாளர். அவளைவிடப் பத்து வயது இளையவர்.

அந்தத் தட்டச்சுச் சீட்டை விட்டு எழுந்து சிஸ்டம் ரூமுக்கு வர அவளுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. மகளின் பழைய லேப்டாப்பைச் சமையல் மேடையில் வைத்து, கறுப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையாகக் கற்றாள். மாதக் கடைசியில் இரண்டு நாள் உட்கார்ந்து கையால் பெயர் மாற்றிய கோப்புகள், கட்டளைகளை வரிசையாக அடுக்கி நான்கு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டியதும் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் மாறி முடிந்தன. அன்றைக்குச் சந்தோஷத்துக்கு முந்திக்கொண்டு எரிச்சல்தான் வந்தது. பக்கத்து அறையிலேயே இது தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஒருத்தராவது வாய் திறந்தாரா?

அழிக்கும் கட்டளைக்கு மட்டும் பயப்படுவாள். கறுப்புத் திரையில் குப்பைத்தொட்டி கிடையாது, போனால் போனதுதான். அதனால் அந்த வரிக்கு முன்னால் ‘எக்கோ’ என்ற சொல்லைப் போட்டு ஓட்டிப் பார்ப்பாள். எதையெல்லாம் அழிக்கப் போகிறது என்று அது எழுதிக் காட்டும், எதையும் தொடாது. எண்ணிப் பார்த்த பிறகுதான் எக்கோவை எடுப்பாள்.

“வெங்காயம் நறுக்கறப்பவும் எக்கோ போட்டுக்கோ, விரல் தப்பிக்கும்,” என்பார் கணவர்.

இப்போது பழி விழுந்த ஸ்கிரிப்டையும் அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதியிருந்தாள். இந்த மாத ஸ்கேன் படங்கள் இருக்கும் கோப்புறையில் நின்று அவற்றை வெளி டிஸ்குக்கு நகல் எடுக்க வேண்டும். பிறகு அந்த டிஸ்கில் பழைய நகல்கள் இருக்கும் கோப்புறைக்குள் போய், அங்கே உள்ள எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். நடுவில் ஒரு வரி: டிஸ்குக்குள் போக முடியவில்லையா, அங்கேயே நில், பொறுப்பாளருக்கு மெயில் அனுப்பு.

புதன்கிழமை யாரோ டிஸ்கைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஸ்கிரிப்ட் நிற்கவில்லை. டிஸ்குக்குள் போக முடியாமல், தான் இருந்த கோப்புறையிலேயே எல்லாவற்றையும் அழித்தது. இருநூற்றுப் பதினாலு பேரின் படங்கள் போயின. வியாழன் காலையில், கைத்தடியோடு படியேறிய ஒரு பெரியவரிடம் “மறுபடியும் எடுக்கணும்யா” என்று சொல்லும் வேலையையும் அவள் தலையிலேயே கட்டினார்கள்.

“ஸ்கிரிப்ட் மேல எழுதியவர்னு உங்க பேருதானேம்மா இருக்கு?” என்றார் மேலாளர், கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தியபடி.

“என் பேருதான் மேடம். ஆனா இது நான் எழுதினபடி இல்ல.”

பென்டிரைவில் தன் பிரதி இருந்தது. மேலாளரின் கணினியிலேயே இரண்டையும் ஒப்பிடும் கட்டளையை ஓட்டினாள். திரையில் ஒரே ஒரு வரிதான் வித்தியாசமென்று வந்தது. நில் என்று சொன்ன வரி. கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்டது செவ்வாய், காலை பதினொன்று நாற்பது.

“செவ்வாய்க்கிழமை நான் லீவு. மகளோட ஸ்கூல் மீட்டிங். லீவு லெட்டர்ல நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. அந்த சிஸ்டம் பாஸ்வேர்டு தெரிஞ்சது எனக்கும் சாருக்கும் மட்டும்தான். ஆளுக்கு ஒரு லாகின் கணக்கு வேணும்னு கேட்டேன். ஒரு கதவுக்கு ரெண்டு சாவியான்னு சார் சிரிச்சாரு.”

பொறுப்பாளர் கழுத்தைத் தடவிக்கொண்டார். “டிஸ்கைக் கழட்டறப்பல்லாம் நின்னுபோச்சு நின்னுபோச்சுன்னு மெயில் மேடம். தொல்லை தாங்கல. அதான் எடுத்தேன். இவ்வளவு ஆகும்னு...”

மேலாளர் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். “சரி விடுங்க. யாரு எடுத்தா என்ன, டீம்ல நடந்த தப்பு. இதோட முடிச்சுக்குவோம்.”

டைப்பக்காவுக்குக் காது சுட்டது. பத்து நிமிடத்துக்கு முன்னால் வரை அது அவள் தப்பு. அதற்குக் கடிதம் வேண்டியிருந்தது, கையெழுத்து வேண்டியிருந்தது, சீட் மாற்றம் வேண்டியிருந்தது. ஆள் மாறியதும் தப்புக்கு ஆளே இல்லாமல் போய்விட்டது.

“அந்த லெட்டரைக் குடுங்க மேடம். பேரை மட்டும் மாத்தி நானே அடிச்சுத் தரேன். போதிய அறிவின்றிங்கிறது அப்படியே இருக்கட்டும்.”

மேலாளர் கடிதத்தை நாலாக மடித்து டிராயருக்குள் போட்டார். “நாளைக்கு வழக்கம்போல சிஸ்டம் ரூமுக்கே வாங்கம்மா.”

“தனிக் கணக்கு?”

“போட்டுக் குடுங்க சார்,” என்றார் மேலாளர், பொறுப்பாளரின் முகத்தைப் பார்க்காமல்.

அவர் போட்டுக் கொடுத்து முடிக்கும்வரை நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றாள். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. பிறகு உட்கார்ந்து, எடுத்த வரியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். மெயில் போகும் இடத்தில் மேலாளரின் முகவரியையும் சேர்த்தாள்.

இப்போதும் டிஸ்க் இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் நிற்கிறது. தொல்லை இரண்டு பேருக்குப் போகிறது.