இருபத்தேழாம் பக்கத்தப் பத்தி அம்மா சொன்னது

மூணு கிலோ இருநூறு. பொம்பளப் புள்ள. மூக்கு எங்க வீட்டு மூக்கு, முடி மட்டும் மருமகன் பக்கத்து முடி. நீங்க கேக்கலதான், இருந்தாலும் சொல்லிட்டேன். பொறந்து இன்னையோட பதினேழு நாள். இந்த பதினேழு நாளா யாரு என் த்ரீவீல்ல ஏறினாலும், எங்க போகணும்னு அவங்க சொல்றதுக்குள்ள நான் பேத்தியோட எடைய சொல்லிடுறேன். மரிய கொறற்றி, அதான் என் சம்சாரம், திட்டுது. "பஸ்ஸ விட்டுட்டு அவசரத்துல ஏறுறாங்க, ஒங்க பேத்தி கத கேக்கவா ஏறுறாங்க?"

ஆனா இது பேத்தி கத இல்ல. மகேந்திரராஜா சேர் கத. பேத்தி வந்ததுனாலதான் நான் மூடி வச்சிருந்த ஒண்ண வாயத் தொறந்து சொன்னேன். அதான் ரெண்டும் சேந்து வருது.

சேர் பலாபத்வலையில இருக்காரு. மெயின் ரோட்டுல இருந்து உள்ளுக்கு நாலாவது வீடு. ஊரு யாழ்ப்பாணம். மாத்தளை கச்சேரியில, அதான் கவர்மெண்ட் ஆபீசுல, காணிப் பகுதியில முப்பத்து நாலு வருசம் வேல செஞ்சி பென்சன் வாங்கினவரு. புள்ளகுட்டி இல்ல. அவரும் பாலேஸ்வரி அம்மாவும் மட்டுந்தான். கச்சேரியில இருந்தப்ப, தண்ணி வேலைக்கு வந்த ஜப்பான்காரர் ஒருத்தர் போறப்ப சின்ன புத்தகம் ஒண்ண குடுத்துட்டு போனாராம். சென் பௌத்த சாமியாருங்க சொன்ன மாதிரி ரெண்டு ரெண்டு வரி. அதப் படிச்சி படிச்சி, பென்சன் எடுத்த பொறகு சேரே அந்த மாதிரி எழுத ஆரம்பிச்சாரு. காலையில மேசையில ஒக்காந்தா பகல் சோத்துக்குத்தான் எழும்புவாரு. அப்டி நூறு சேந்தது. போன வருசம் சேட் பொக்கட்டுக்குள்ள போற அளவுல புத்தகமா அடிச்சாரு. பேரு "தண்ணீர் தெளியும் வரை". ஒரு பக்கத்துக்கு ஒண்ணுதான். மிச்சமெல்லாம் வெள்ளக் கடுதாசி.

நான் தோட்டத்து ஸ்கூல்ல அஞ்சோட நின்னவன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். சேருக்கு அது தெரியும். தெரிஞ்சும் என்னக் கண்டா ஒரே கேள்விதான்.

"ரபாயேல், வாசிச்சீரோ?"

"வாசிக்கிறேன் சேர்."

"எத்தினையாம் பக்கம்?"

"இன்னும் மொத பக்கத்துலதான் சேர்."

"நல்லது. அவசரப்படாதையும்" ம்பாரு. கோவமே வராது.

என் த்ரீவீல்ல இருவது முப்பது புத்தகம் எப்பவும் கெடக்கும். ஏறுறவங்களுக்கு குடுக்கணும், பொறகு என்ன சொன்னாங்கன்னு கேட்டுட்டு வந்து சொல்லணும். வாசகர் கருத்துன்னுவாரு அத. நானும் கேப்பேன். எறச்சிக்கட றுஸ்தி சொன்னாரு, "நல்ல புத்தகம் ரபாயேல் அண்ணே, வெள்ள எடம் நெறைய இருக்கு, சாமான் லிஸ்ட் எழுத நல்லம்." தையல்கட பஸ்லா, "எங்க மூணாம் வகுப்பு புள்ளைக்கு எழுத்துக்கூட்ட நல்லா இருக்கு, சின்னச் சின்ன வசனம்"னாங்க. இரத்தோட்டை பஸ்ஸுல வந்து எறங்குற ஒரு தோட்டத்து அம்மா வாங்கிப் பாத்துட்டு, "இதுல சாமி பேரே இல்லயே, யார கும்புட்டுட்டு எழுதினாரு?"ன்னு திருப்பிக் குடுத்துருச்சி. இத அப்டியே போய் சேருகிட்ட சொல்ல முடியுமா? "புடிச்சிருக்காம் சேர்"ம்பேன். அத அவரு பாஷையில நீட்டி ஒரு கொப்பியில எழுதிக்குவாரு. எல்லாம் நல்ல கருத்து. ஒண்ணுகூட கூடாத கருத்து இல்ல. அவ்வளவும் என் வேலதான்.

பாலேஸ்வரி அம்மாவுக்கு கிட்னி ரெண்டும் போயிருச்சி. செவ்வாயும் வெள்ளியும் மாத்தளை ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்ணணும். விடியக்காலம் அஞ்சரைக்கு நான் போய் ஏத்துவேன். ஆறுல இருந்து பத்து வரைக்கும் மெசின்ல படுத்திருப்பாங்க, நாலு மணித்தியாலம். பொறகு கூட்டிட்டு வந்து விடுவேன். ஒண்ணேகால் வருசம் அப்டி ஓடிச்சி. ஒரு நாளாவது சேர் கூட வந்ததில்ல.

கெட்ட மனுசன்னு நெனைக்காதீங்க. அஞ்சரைக்கு சுடுதண்ணி போத்தலோட கேட்ல நிப்பாரு. அம்மாவோட சால்வைய இழுத்துப் போத்தி விடுவாரு. நான் வளைவுல திரும்புற வரைக்கும் கண்ணாடியில அவரு தெரிவாரு. பத்தரைக்கு திரும்பி வந்தா அதே எடத்துல நிப்பாரு. ஆனா ஆஸ்பத்திரிக்கு மட்டும் வரமாட்டாரு.

ஒரு நாள் நானே கேட்டுட்டேன். "ஏம்மா, சேர் வர மாட்டாங்களா?"

"ஆஸ்பத்திரி மணம் அவருக்குச் சரிவராது தம்பி. தலை சுத்துமாம். மனம் குழம்பிப் போனா ரெண்டு நாளைக்கு எழுதேலாதாம்."

சொல்லிட்டு பேக்குல இருந்து அந்த புத்தகத்த எடுத்தாங்க. மழ தூறிட்டு இருந்துச்சி, நான் மெதுவாதான் ஓட்டினேன். பின்னால இருந்து வாசிச்சுக் காட்டினாங்க.

"இருபத்தேழாம் பக்கம். கேளும். 'அருகில் இருப்பவரோடு இரு. அதற்குமேல் செய்ய எதுவும் இல்லை.'" வாசிச்சிட்டு சிரிச்சாங்க. "பாரும் தம்பி, என்ன வடிவா எழுதியிருக்கிறார் உங்கட சேர். நான் மெசினில கிடக்கேக்க வீட்டு மேசையில இருந்து எழுதினது இது. இவ்வளவு எழுதினவர் என்னோட ஒரு நாள் வந்து மெசின் அறை வாசலில கிடக்கிற அந்த வாங்கில இருந்திருக்கலாம்."

நான் முன்கண்ணாடிய தொடச்சிகிட்டு ஓட்டினேன்.

"மடிச்சு வைக்கிறன். அவருக்கு ஒருநாளைக்குக் காட்டோணும்"னாங்க.

காட்டல. பங்குனி மாசம் ஒரு புதன்கிழமை காலையில வீட்டுலயே போயிட்டாங்க. மெசினுக்கு போய் வந்த மறுநாள்.

செத்த வீடு முடிஞ்சி மூணாம் நாள் நான் போனேன். வாடகைக்கு எடுத்த கதிரையெல்லாம் திருப்பிக் குடுக்க வேண்டி இருந்துச்சி. சேர் அம்மாவோட பேக்க மடியில வச்சிகிட்டு ஒக்காந்திருந்தாரு. கையில அந்த புத்தகம். ஒரே ஒரு பக்கத்தோட மூல மட்டும் மடிஞ்சிருக்கு.

"ரபாயேல், இது அவ மடிச்சதோ?"

"ஓம் சேர்."

"என்னட்ட ஒரு நாளும் இந்தப் புத்தகத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல. நல்லமெண்டும் சொல்லேல்ல, கூடாதெண்டும் சொல்லேல்ல. ஊர் முழுக்கக் கேட்டனான், அவ மட்டும் சொல்லேல்ல." கண்ணாடிய கழட்டிட்டு என்ன பாத்தாரு. "உம்மட்ட ஏதும் சொன்னவவோ? எனக்கு அது தெரியோணும் ரபாயேல். வேற ஒருத்தற்ற கருத்தும் எனக்கு வேண்டாம்."

எறச்சிக்கடக்காரர் பேருல சொன்ன பொய்தானே, பழகின வாய். "அந்தப் பக்கம் மனச தொட்டுருச்சின்னு சொன்னாங்க சேர்"னுட்டேன்.

செத்த வீட்டுல ஒரு சொட்டு கண்ணீர் விடாத மனுசன், அப்ப அழுதாரு. தோள் குலுங்க அழுதாரு. நான் வெளிய வந்து, நல்ல காரியம் பண்ணினேன்னு நெனைச்சேன். அது நெசம். அன்னைக்கு ராவு நல்லா சாப்பிட்டேன்.

முப்பத்தோராம் நாள் காரியத்த, ஆளுங்க வர வசதியா ரெண்டு நாள் தள்ளி ஞாயித்துக்கெழம வச்சாங்க. அவங்க ஆளுங்க வழக்கத்துல, அன்னைக்கு வாறவங்களுக்கு எறந்தவங்க படம் போட்டு, தேவாரம் எல்லாம் போட்டு ஒரு சின்ன புத்தகம் குடுப்பாங்க. சேரும் குடுத்தாரு. என்ன குடுத்தாருன்னா, "தண்ணீர் தெளியும் வரை", ரெண்டாவது தரம் அடிச்சது. அம்மாவோட தங்கச்சி யாழ்ப்பாணத்துல இருந்து வந்திருந்தாங்க. புரட்டி புரட்டி பாத்துட்டு, "அத்தான், தேவாரம் எங்க? அக்கான்ர படத்தையும் காணேல்ல"ன்னு சத்தமாவே கேட்டுட்டாங்க. சேர், "பின்னட்டையைப் பாரும் பிள்ளை"னாரு. அந்தம்மா பாத்துட்டு உள்ளுக்கு போயிட்டாங்க. நான் சோத்துச் சட்டி தூக்குற அவசரத்துல ஒரு புத்தகத்த வாங்கி சேட் பொக்கட்டுல போட்டுகிட்டேன். பாக்கல.

செவ்வாக்கெழம எங்க மக ஜெனிஸ்டாவுக்கு புள்ள பொறந்துச்சி. சொன்னேனே, மூணு கிலோ இருநூறு. வியாழக்கெழம வார்ட்ல நான் பேத்திய மடியில வச்சிட்டு ஒக்காந்திருக்கேன். பொக்கட்டு புத்தகம் புள்ள தலையில இடிக்குதுன்னு ஜெனிஸ்டா எடுத்துச்சி. திருப்பிப் பாத்துட்டு சிரிப்பு.

"அப்பா, ஒங்க பேரு போட்டிருக்கு! 'மனப்பாரம் குறைகிறது. ரபாயேல், முச்சக்கரவண்டிச் சாரதி.' எப்ப அப்பா வாசிச்சீங்க?"

"பேசாம இரு புள்ள."

"இங்க, றுஸ்தி அண்ணனும் சொல்லியிருக்காரு. 'ஒவ்வொரு இல்லத்திலும் இருக்க வேண்டிய நூல்.' அவருக்கு இல்லம்னா என்னன்னு தெரியுமா?" சிரிச்சிகிட்டே வந்த புள்ள பின்னட்டைக்கு வந்ததும் சத்தத்த கொறச்சிருச்சி. அங்க ஒண்ணே ஒண்ணுதான். பெரிய எழுத்துல. "'இருபத்தேழாம் பக்கம் என் மனதைத் தொட்டது.' அமரர் பாலேஸ்வரி மகேந்திரராஜா." புத்தகத்த மூடிட்டு, "பாவம் அப்பா அந்த அம்மா"ன்னுச்சி.

பேத்தி என் வெரல புடிச்சிட்டு தூங்குது. செத்தவங்க வாயில நான் வச்ச வார்த்த, எரநூறு முந்நூறு வீட்டுக்கு போயிருச்சே.

சனிக்கெழம கேக் துண்டு எடுத்துகிட்டு சேர் வீட்டுக்கு போனேன். அப்ப கூட அவருகிட்ட சொல்லணும்னு போகல. பேத்தி பொறந்த சந்தோசத்த சொல்லத்தான் போனேன். அவரும் கேக்க வாங்கி, "தேவதை மாதிரி இருக்கட்டும்"னு வாழ்த்தினாரு. உள்ளுக்கு போய் ஒரு கட்டு புத்தகம் கொண்டாந்து கையில வச்சாரு. அம்பது.

"அந்த வார்ட்டில இருக்கிற தாய்மாருக்குக் குடும் ரபாயேல். பின்னட்டையை முதலில வாசிக்கச் சொல்லும். என்ன சொல்லுகினமெண்டு கேட்டு வாரும்."

கட்டு கைய விட்டு எறங்க மாட்டேங்குது. த்ரீவீல்ல ஏத்தவும் முடியல. சொல்லிட்டேன். மழ தூறினது, சிரிச்சது, மேசை, வாங்கு, ஒரு நாள் வந்திருக்கலாம்னது, மடிச்சி வச்சது ஒங்களுக்கு காட்டத்தான்னது, எல்லாம்.

சேர் ஏசல. கேட் பக்கம் திரும்பிகிட்டாரு. பொறகு கேட்டாரு.

"கோவமாச் சொன்னவவோ, சிரிச்சுக்கொண்டு சொன்னவவோ?"

"சிரிச்சிகிட்டுதான் சேர். சத்தியமா."

"சிரிச்சுக்கொண்டு எண்டா அது இன்னும் கூடாது"ன்னாரு. என் கையில இருந்த கட்ட வாங்கிகிட்டு உள்ளுக்கு போயி கதவ சாத்திட்டாரு.

பதிமூணு நாள். ஒரு போன் கோல் இல்ல. நான் எடுத்தா எடுக்க மாட்டாரு. கேட் பக்கமா போறப்ப வேகத்த கொறப்பேன், மேசை ஜன்னல் பூட்டியே கெடக்கும். மரிய கொறற்றி சொல்லுச்சி, "பொய்ய சொன்னா கடைசி வரைக்கும் சொல்லிட்டு போயிருக்கணும். இல்லன்னா மொதல்லயே சொல்லியிருக்கணும். நடுவுல நிறுத்தினீங்களே, மனுசன் என்ன பண்ணுவான்?" அது சொல்றது சரியா பிழையான்னு எனக்கு இன்னும் தெரியல. பேத்திய தூக்குறப்ப சிரிப்பு வரும். எறக்கி வச்சா அந்த ஜன்னல் ஞாபகம் வந்துரும்.

இன்னைக்கு வெள்ளிக்கெழம. விடியக்காலம் அஞ்சு மணிக்கு போன் அடிச்சிச்சி. "வாரும்." அவ்வளவுதான்.

போனா, கேட்ல நிக்கிறாரு. காலுல சப்பாத்து போட்டு, கையில அம்மாவோட சுடுதண்ணி போத்தல். அம்மா ஒக்காருற பக்கத்துல ஒக்காந்தாரு. "எங்க சேர்?"னு நான் கேக்கல.

ஆஸ்பத்திரியில அந்த மெசின் ரூமுக்கு வெளிய நீட்டு வாங்கு ஒண்ணு இருக்கு. அதுல ஒக்காந்தாரு. மொதல்ல லேஞ்சிய மூக்குல வச்சிகிட்டு இருந்தாரு. கொஞ்சத்துல அத மடிச்சி பொக்கட்டுல போட்டுட்டாரு. நர்ஸ் மிஸ் ஒருத்தங்க வந்து யார பாக்க வந்தீங்கன்னு சிங்களத்துல கேட்டதுக்கு, யாரையும் இல்லன்னு சொன்னாரு. அந்த மிஸ் என்ன பாத்தாங்க, நான் கீழ பாத்தேன். உள்ள மெசின் சத்தம் கேட்டுகிட்டே இருந்துச்சி. புத்தகம் ஒண்ணும் கொண்டாரல அவரு. போத்தல தொறக்கவும் இல்ல. நான் நடுவுல ரெண்டு தரம் வெளிய போய் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தேன். வந்து பாத்தா அப்டியே இருக்காரு.

பத்து மணிக்கு உள்ள இருந்தவங்கள ஒவ்வொருத்தரா கூட்டிட்டு வந்தாங்க. கடைசி ஆளு போன பொறகு எழும்பினாரு. கால் மரத்துப் போயி, என் தோள புடிச்சிகிட்டாரு. த்ரீவீல்ல ஏறி, நான் ஸ்டார்ட் பண்ண போறப்ப, பின்னால இருந்து கேட்டாரு.

"நாலு மணித்தியாலம் இவ்வளவு நீளமோ, ரபாயேல்?"