பல்லியின் குதிகால்

பல்லி என்று அவனுக்குப் பெயர் வைத்தது நான்தான். சின்ன வயதில் நாங்கள் ஒன்றாக ஆடினோம். பந்து எந்த மூலைக்குப் போனாலும் இவன் பாய்ந்து ஒட்டிக்கொள்வான். நான் ஆட்டத்துக்கு லாயக்கில்லை என்று சீக்கிரமே தெரிந்துபோனது. அவன் பேருந்து ஓட்டிப் பிழைத்துக்கொண்டே ஓர் அணியில் மாற்று கோல்கீப்பராகப் பதினோரு வருடம் பெஞ்சைத் தேய்த்தான். முதல் கீப்பருக்குத் தோள் இறங்கியதால்தான் அரையிறுதியில் அவனுக்கு இடம் கிடைத்தது.

அன்று வீடியோ அறையில் படம் ஓட்டுகிற வேலையில் நான் இருந்தேன். ஜன்னல் இல்லாத அறை, ஆறு திரைகள், ஒரு திருகு. ஒரு சொடுக்கு திருப்பினால் படம் இம்மியளவு நகரும். தீர்ப்புச் சொல்வது வீடியோ நடுவர். படத்தை எங்கே நிறுத்துவது என்பது என் கையில்.

கடைசி நிமிடத்தில் பெனால்டி. பல்லி தடுத்தான். உதைப்பவரின் கால் பந்தில் படும்போது கீப்பரின் ஒரு பாதமாவது கோட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி உதைக்க விடுவார்கள். அதைப் பார்க்கச் சொன்னார்கள்.

பார்த்தேன். கால் பந்தில் படுகிறது, பல்லியின் குதிகால் கோட்டில் இருக்கிறது. அங்கேயே நிறுத்தித் தொலைத்திருக்கலாம். ஆனால் அவன் என் சிநேகிதன் என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். சாதகம் பண்ணினான் என்று எந்தப் பயலும் சொல்லிவிடக் கூடாதே என்று இன்னொரு சொடுக்கு திருப்பினேன். அதில் பந்து காலைவிட்டு இரண்டு விரற்கடை போயிருந்தது, குதிகாலும் எழும்பியிருந்தது. கால் படும் நொடி இதுதான் என்றேன். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

மறுபடி உதைத்தார்கள். கோல். பல்லியின் அணி வெளியேறியது.

நான்கு மாதம் அவன் போனை நான் எடுக்கவேயில்லை. போன வாரம் பேருந்துப் பணிமனை வழியாகப் போன என்னை வாசலில் பிடித்துக்கொண்டான். சிரித்துக்கொண்டேதான் பேசினான், பாவி. வீட்டு நடையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, மனைவி பந்தை உருட்ட, குதிகாலை ஒட்டவைத்துப் பழகுகிறானாம். காலைக் கொஞ்சம் தூக்கினாலும் அவள் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்கிறாளாம். கோட்டையே நினைத்து நினைத்துப் பாய்ச்சல் போய்விட்டது, எந்தப் பந்துக்கும் நேரத்துக்குப் போக முடியவில்லை, அணியிலும் கழற்றிவிட்டார்கள்.

"தப்பு என்னோடதுதான்டா. வீடியோ பொய் சொல்லுமா?" என்றான்.

உன் வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

அவன் மனைவி கதவைத் திறந்தாள். நடையில் அந்தக் கோடு வெள்ளையாகக் கிடந்தது. அதைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை. அங்கேயே நின்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன், எனக்காக எதையும் மழுப்பாமல். நாளைக்கே கால்பந்துச் சங்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன், வேலை போனால் போகட்டும் என்றும் சொன்னேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க கோட்டுலதான் நின்னீங்களா?" என்று புருஷனிடம் கேட்டாள். "நாலு மாசமா உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேனே."

பல்லி கீழே கோட்டைப் பார்த்தபடி இருந்தான்.

"விடு. என் கால் எங்க இருந்துச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றான். "வீடியோவைப் பார்த்துட்டு அதை நானே நம்பலையே."