மேற்கோள் குறி இல்லாத ஐஸ்

காலை ஆறு மணி பத்து நிமிடம். படலைக்கு வெளியே அக்கா நின்றார். இடது காலில் மண்ணிறச் செருப்பு, வலது காலில் கறுப்புச் செருப்பு. புங்குடுதீவிலிருந்து ஊர்காவற்றுறை வரை ஓட்டோவில் வந்திருந்தார்.

"நீயும் அவனோட சேர்ந்து ஐஸ் பாவிக்கிறனியோ?" என்று கேட்டார். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

அவன் என்றது கனடாவில் இருக்கும் அவருடைய ஒரே மகனை. எனக்கு மட்டும் அனுப்ப நினைத்த குரல் செய்தியை அவன் முப்பத்திரண்டு பேர் இருக்கும் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டான். அக்கா தன் தொலைபேசியைத் தட்டி என் காதில் வைத்தார்.

"மாமா, நேற்று மேலை ஐஸ் பிடிச்சிட்டுது. கொஞ்ச நேரம் ஒண்டும் என்ர கட்டுப்பாட்டில இல்லை. பிறகு மெல்ல மெல்லக் கீழை இறங்க, எல்லாம் தன்ர பாட்டில கழண்டு போச்சு. அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

எங்கள் பக்கத்தில் ஐஸ் இரண்டு வகை. ஒன்று துறைமுகத்தில் மீன்பெட்டிக்குப் போடுவது. மற்றது பொலிஸ் செய்தியில் வருவது. நான் பத்திரிகையில் வேலை செய்த காலத்தில் இந்தக் குழப்பம் வராமலிருக்க, போதைப்பொருள் என்றால் ஒற்றை மேற்கோள் குறிக்குள் போடுவோம், மீனுக்கு என்றால் சும்மா விடுவோம். குரல் செய்தியில் மேற்கோள் குறி கேட்காது.

அன்று பத்து மணிக்கு நாங்கள் அனலைதீவுக்குப் போய் அவனுக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டில் கலியாணத்துக்கு நாள் வைப்பதாக இருந்தது. அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த மச்சாளும் அதே குழுவில்தான் இருக்கிறார். அவர் ஒரு செய்தியைத் தன்னிடமே வைத்திருந்ததாக எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. மருமகன் இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் நான்கு பேர் இருக்கக்கூடிய சிறு விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறான் என்றேன். ஐஸ் பிடித்தது அவனுக்கல்ல, விமானத்துக்கு.

அக்கா படலையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். மூச்சு முடிவதற்குள் மற்றப் பாதி விளங்கியது.

"பிளேன் ஓட்டுறானோ?"

படகில் போகும்போது முழுவதையும் கேட்டார். சில முகில்களில் தண்ணீர் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருந்தும் உறையாமல் துளியாகவே நிற்கும் என்றும், இறக்கை போய் இடித்தவுடன் அது இறுகி ஒட்டிக்கொள்ளும் என்றும் சொன்னேன். பாரம் கூடுவது ஒரு கரைச்சல். அதைவிடப் பெரிய கரைச்சல் இறக்கையின் வடிவம் கெட்டுப்போவது. வடிவம் கெட்டால் காற்று தூக்காது. பெரிய விமானங்களில் இறக்கையைச் சூடாக்க ஏற்பாடு உண்டு. இவனுடையதில் வேகம் அளக்கும் குழாய்க்கு மட்டும்தான் சூடு.

அக்கா கடலைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "மற்ற ஐஸ் எண்டால் ஆசுப்பத்திரியில விட்டுத் திருத்தலாம். இதுக்கு எங்க கொண்டுபோய் விடுறது?"

பிறகு எனக்கு ஒரு கட்டளை போட்டார். அங்கே போய் நான் மீன் ஐஸ் என்று சொல்ல வேண்டும். மருமகன் கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறவன், மீனோடு அவனுக்கு என்ன என்று கேட்டேன்.

பெண்ணின் தகப்பன் ஓய்வுபெற்ற கணித வாத்தியார். முற்றத்தில் மேசையைச் சுற்றிப் போட்டிருந்த கதிரைகளைக் காட்டி இருக்கச் சொன்னார். பயத்தம் பணியாரம் வந்தது. நான் ஒன்றைக் கடித்த பிறகே, தம்பி அதைப் பாவிக்கிறவரோ என்று மிக மரியாதையாகக் கேட்டார். விளக்கினேன். அவருடைய முகம் தெளிந்தது. எத்தனை அங்குலம் ஐஸ் பிடித்தது என்று கேட்டார்.

"அங்குலம் இல்லை மாஸ்ரர். நகத்தின்ர தடிப்புத்தான்."

"நகத்தின்ர தடிப்புக்கே கட்டுப்பாடு போகுமோ?"

போகும் என்றேன். உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகப் படிந்தாலே இறக்கைக்கு ஆகாது என்றேன். அக்கா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். வாத்தியார் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஓர் இறக்கையை வரைந்து அதன் முன்விளிம்பைப் பென்சிலால் கறுப்பாக்கினார். எத்தனை மாதத்துக்கு இந்த ஆபத்து என்பது அடுத்த கேள்வி. குளிர்காலத்தில் அதிகம், ஆனால் உயரத்தில் முகில் போதிய குளிராக இருந்தால் எந்த மாதத்திலும் என்றேன். இந்த முறை மிதித்தது கறுப்புச் செருப்பு. அதன் அடி தடிப்பு.

வாத்தியார் பென்சிலைக் கீழே வைத்தார். உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார்.

அவர் எழுவைதீவில் ஆசிரியை. கிழமையில் ஐந்து நாள் படகில் போய்வருகிறவர். தான் நேரே கதைக்க வேண்டும் என்றார். காணொளி அழைப்பில் மருமகன் வந்தான். அங்கே இரவு பதினொன்றரை. சேர்ட் போட்டிருந்தான். தாயும் மாமனும் வருங்கால மாமனாரும் ஒரே திரைக்குள் இருப்பதைக் கண்டு தலைமயிரைச் சரிசெய்தான். பெண் சுகம் விசாரிக்கவில்லை.

"ஐஸ் கழண்டு போகேக்க நிலத்துக்கு எவ்வளவு இருந்தது?"

"எண்ணூறு அடி."

"அந்த முகிலுக்கை ஏன் போனனீங்கள்?"

சுற்றிப் போனால் பத்து நிமிடம் கூடுதலாகும் என்றான். அக்கா கண்ணை மூடினார்.

"காத்தெண்டால் எங்கட படகுக்காரர் கயிறே அவிழ்க்க மாட்டார்," என்றார் பெண். "நாங்களும் அவரைத் திட்டிப்போட்டு வீட்டை வாறனாங்கள். பத்து நிமிசம் மிச்சம் பிடிக்கிற ஆளோட எனக்கு ஏலாது."

"இனி முகிலைக் கண்டால் திரும்பிடுவன்."

"கண்டாப் பிறகு திரும்பிறது வேற. வெளிக்கிட முதல் பார்த்திட்டு நிக்கிறது வேற. நீங்கள் எது?"

வாத்தியார் இறக்கைப் படத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். நாங்கள் பணியாரத்தைச் சாப்பிட்டோம்.

"நிக்கிறது," என்றான் மருமகன்.

"பாப்பம்," என்றார் பெண். நாள் வைக்கப்படவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவன் விமானக் கொட்டகையின் கதவைப் படம் எடுத்துப் பெண்ணுக்கு அனுப்பினான். கதவு பூட்டியிருந்தது, மேலே முகில் தாழ்வாக நின்றது. அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே கதவு. மூன்றாவது சனிக்கிழமையும் அதே கதவு.

நாலாம் கிழமை வாத்தியார் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். கலியாணம் வைகாசியில்.