காணும், காணாது

நிறுவனங்களின் பெரிய கணினிகளான சேர்வர்களுக்கு, அவற்றைக் கேபிளால் இணைக்கும் நெற்வேர்க் கார்ட் தெரிவு செய்து கொடுப்பது என் வேலை. சரியான கார்டைக் கொடுத்தால் யாரும் என்னை நினைப்பதில்லை, பிழையானதைக் கொடுத்தால் யாரும் மறப்பதில்லை. உங்களில் யாராவது இதே வேலையில் மாட்டுப்பட்டிருந்தால் சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தபடிதான் தொடங்கினேன்.

நூறு வேண்டும்

மெல்பேர்னில் சில ஆஸ்பத்திரிகளின் ஸ்கேன் படங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் நிறுவனம் ஒன்று. காலையில் எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒன்றாக இறங்கினால் படம் திறக்கச் சேர்வர் முக்கி முனகும். அங்கே சேர்வர்களுக்குப் பொறுப்பானவர் யோகன் அண்ணை. ரோவில் என்ற புறநகரில் இருப்பவர், அதிகம் பேசாதவர். அவருடைய மேலாளர் என்னைக் கண்டதும் "நூறு வேண்டும்" என்றார். நூறு என்றால் நொடிக்கு நூறு கிகாபிட். அப்போது அவர்களிடம் இருந்தது வெறும் ஒன்று.

சேர்வரைத் திறந்து பார்த்தேன். பழைய பெட்டி. கார்டைச் செருகும் இடத்தால் நூறில் பாதிக்குச் சற்று மேலேதான் போகும். மறு முனையில் கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்சும் இருபத்தைந்துக்கு மேல் தராது. இருபத்தைந்து போதும் என்றேன். கூடியதை விற்க வந்தவள் குறைந்ததை ஏன் விற்கிறாள் என்று மேலாளர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். வாசல்வரை கூட வந்த யோகன் அண்ணைதான் தமிழில் சொன்னார்: "எனக்கு நம்பர் முக்கியமில்லை தங்கச்சி. பக்கவாதம் வந்த ஆளின்ரை மூளைப் படத்துக்கு டொக்டர் பாத்துக்கொண்டு நிப்பார். அது உடனே திறக்க வேணும்."

அன்றைக்குத்தான் எனக்கு என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் பயம் வந்தது.

ஓட்டை இரண்டு

அடுத்த வழக்கு, எத்தனை கார்ட் என்பது. ஒரு கார்டிலேயே கேபிள் செருக இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று போனால் மற்றது இருக்கிறதே, பிறகெதற்கு ஒரு சேர்வருக்கு இரண்டு கார்ட் என்றார் மேலாளர். நியாயம் போலத்தான் தெரியும். நானும் யோகன் அண்ணையும் மாறி மாறிச் சொல்லியும் மனிதர் அசையவில்லை.

கடைசியில் அவரை எங்கள் ஒபிஸுக்கே கூப்பிட்டு, ஓடிக்கொண்டிருந்த சேர்வர் ஒன்றில் ஒரேயொரு கார்டைப் போட்டு, இரண்டு ஓட்டையிலும் கேபிளைச் செருகி, அந்தக் கார்டை மென்பொருளால் நிறுத்திக் காட்டினேன். இரண்டு விளக்கும் ஒன்றாக அணைந்தன. பிறகு இரண்டு கார்டைப் போட்டு ஒன்றை நிறுத்தினேன். திரையில் படம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அவர் ஆங்கிலத்தில் சொன்னது இது: "ஓட்டையை எண்ணினேன். கார்டை எண்ண மறந்துவிட்டேன்."

கார்ட் காணாது

இரண்டு சேர்வருக்கு நான்கு கார்ட் அனுப்பினோம். அனுப்பியவன் செந்தில், மதுரைப் பிள்ளை, என் பக்கத்து மேசை. அன்று நான் லீவு போட்டுவிட்டுக் கேரம் டவுன்ஸ் கோயிலில் இருந்தேன். வெளியே வந்து போனைத் திறந்தால் செந்திலின் அழைப்புகள் வரிசையாக நிற்கின்றன.

திரும்ப எடுத்ததும், "அக்கா, கார்டெல்லாம் தொலைஞ்சு போச்சு" என்றான். கூரியர்காரனைப் பிடித்துச் சண்டை போட்டு, களஞ்சியத்தைத் தலைகீழாகப் புரட்டி, புகாரும் கொடுத்துவிட்டிருந்தான். யார் சொன்னது என்று கேட்டேன். யோகன் அண்ணை அனுப்பிய குரல் பதிவைப் போனிலேயே போட்டுக் காட்டினான்: "தம்பி, அனுப்பின கார்ட் காணாது. கெதியா ஒருக்கா பாருங்கோ."

விஷயம் அவ்வளவுதான். யோகன் அண்ணையையும் அழைப்பில் சேர்த்துக் கேட்டேன்; மூன்றாவதாக ஒரு சேர்வர் இருந்திருக்கிறது. அனுப்பியது போதவில்லை. போதும் என்பதை இலங்கையிலிருந்து வந்த நாங்கள் காணும் என்போம், போதாது என்பதைக் காணாது என்போம். செந்திலுக்கு அது எப்படித் தெரியும்? மூவரும் போனில் இருந்தபோது அவன் வெட்கத்தோடு கேட்டான், "அப்போ உங்க ஊர்ல நிஜமாவே ஒண்ணு காணாமப் போனா என்ன சார் சொல்வீங்க?" நான் சிரித்தேன். யோகன் அண்ணை சிரிக்கவில்லை. "சாமான் எண்டால் துலைஞ்சு போச்சு எண்டுவம். காணாமல் போறது எங்களுக்கு ஆக்கள்தான் தம்பி."

அது காணும்

கார்ட் எல்லாம் போட்டு ஒழுங்காக ஓடத் தொடங்கிப் பல மாதங்களுக்குப் பிறகு, யோகன் அண்ணையின் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. அம்புலன்ஸ் கொண்டுபோன ஆஸ்பத்திரி, அவருடைய சேர்வரில் படம் வைக்கும் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. அந்த அக்கா பிழைக்கவில்லை.

செந்திலும் நானும் துக்கம் விசாரிக்க ரோவில்லுக்குப் போனோம். வழி முழுக்க என் மனதில் ஓடியது ஒரே கேள்வி: படம் உடனே திறந்திருக்குமா? இருபத்தைந்து போதும் என்று சொன்னவள் நான். அதைக் கேட்கிற இடமா அது? கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கதிரையில் தலை குனிந்து இருந்தேன். யோகன் அண்ணைக்கு அது எப்படியோ விளங்கிவிட்டது. தானாகவே பக்கத்தில் வந்து இருந்தார்.

"படம் உடனே திறந்ததாம் தங்கச்சி. டொக்டரிட்டைக் கேட்டனான்" என்றார். காலையில் எழும்பும்போதே அக்காவுக்குக் கை விறைத்திருக்கிறது. படுத்த வாக்கில் விறைத்திருக்கும், தேத்தண்ணி குடித்தால் சரிவரும் என்று இருவருமாக இருந்துவிட்டார்கள். அம்புலன்ஸைக் கூப்பிட்டபோது மருந்து வேலை செய்யும் நேரம் கடந்துவிட்டது. செந்தில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான். அவர் அவனைப் பார்த்து, அவனுக்கு விளங்க வேண்டும் என்பதுபோல மெதுவாகச் சொன்னார்: "கார்ட் காணும் தம்பி. எங்கடை நேரம்தான் காணாமல் போச்சு."

நூறு வேண்டுமா, இருபத்தைந்து காணுமா என்று கணக்குப் பார்த்துச் சொல்ல எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் கை விறைத்த நேரத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் உள்ள தூரத்துக்குப் போடுகிற கார்டை மட்டும் இன்னும் எந்தக் கம்பனியும் விற்கவில்லை.