மச்சான் அனுப்பாத ரிமூவர்

இன்று திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்கப் போனேன். போன தடவை வாங்கியது பாலிஷோடு நகத்தின் உயிரையும் சேர்த்து எடுத்துவிட்டது. வெள்ளை வெள்ளையாக உரிகிறது.

ஃபேன்சி ஸ்டோர் பாத்திமா அக்காவிடம், "நகம் காயாத மாதிரி ஒண்ணு குடுங்கக்கா" என்றேன்.

இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தார்.

"இதுல அசிட்டோன் இல்லை. நகத்துக்கு நல்லது, ஆனா பொறுமையா தேய்க்கணும். அது ஒரே இழுப்புல எடுத்துடும், நகம்தான் காஞ்சுபோயிடும்."

"நீங்க எது யூஸ் பண்றீங்க?"

விரல்களை நீட்டிக் காட்டினார். என்னுடையதைவிட மோசம்!

"எனக்கு அதுதான். துபாய்லேர்ந்து மச்சான் வீடியோ கால்ல வருவாங்க. அவங்க அனுப்புன பாலிஷைப் போட்டுக் காட்டணும். பேசி முடிக்கிறதுக்குள்ள தொழுகைக்குப் பாங்கு சொல்லிடுவாங்க. பாலிஷ் மறைச்சு நகத்துல தண்ணி படலைன்னா, தொழுறதுக்கு முன்னாடி கை கால் கழுவுற ஒளு செல்லாது, அப்புறம் எப்படித் தொழுறது?"

மச்சான் என்றால் அவர் கணவர்.

"தொழுதுட்டுப் பேசலாமேக்கா?"

"டூட்டிக்கு நடுவுல அவங்களுக்குக் கிடைக்கிறது அந்த நேரம்தான்."

"அப்போ நல்ல ரிமூவரா அவரையே அனுப்பச் சொல்றது?"

"கேட்டேனே! அதெல்லாம் பிளேன்ல ஏத்த மாட்டாங்களாம். பாலிஷ் மட்டும்தான் ஏறுமாம்."

அசிட்டோன் இல்லாததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் இதே யோசனை.

வளைகுடாவிலிருந்து பெட்டி கட்டிப் பழகியவர்களே, உண்மையைச் சொல்லுங்கள். ரிமூவரை ஏற்ற மாட்டேன் என்பது விமானமா, மச்சானா?