முதல் ஐம்பதாயிரமும் அக்பர் அலி பாயின் கண்ணும்

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் மற்ற ஜாக்கெட் துணிக்கடைக்காரர்கள் சேலையைத் தெருவுக்குத் தூக்கிவந்து, வெயிலில் வைத்துத்தான் நிறம் பொருத்துவார்கள். அக்பர் அலி பாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டுவார். எடுத்ததுதான் நிறம். அவர் பேரே அதில்தான் இருந்தது.

அந்தப் பேருக்குத்தான் கண்புரை வந்து சேர்ந்தது. வெள்ளிமலையிலிருந்து ஜீப் ஏறி வந்த செவ்வந்தியின் கருநீலச் சேலைக்குக் கறுப்புத் துணியைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

"இன்னா பாய், கல்யாணத்துக்குக் கேட்டா கறுப்பைக் குடுத்துட்டீங்களே!" என்று மறுவாரமே அவள் வந்து நின்றாள். கடையே சிரித்தது. பாய் மட்டும் அன்றே கண் டாக்டரைப் போய்ப் பார்த்தார்.

டாக்டர் உடனே ஆபரேஷன் என்றார். பாய் அசையவில்லை. பிரீமியம் கம்மி என்று அவர் எடுத்திருந்த குடும்பக் காப்பீட்டில் ஒரு நிபந்தனை. வருஷத்தில் வீட்டில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும், எல்லார் செலவும் சேர்த்து முதல் ஐம்பதாயிரம் சொந்தக் காசு. அதற்கு மேல்தான் கம்பெனி. கண்ணுக்கு முப்பதாயிரம்தான் ஆகும்.

"அப்ப முழுசும் நம்ம தலையிலதானே? பாத்துக்கலாம்" என்று, கடையில் கூடுதலாக ஒரு டியூப்லைட் மாட்டினார்.

தை மாதம் மனைவி ஜீனத்துன்னிசாவுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பில் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது என்று தெரிந்ததும் பாய் கட்டிலோரம் குனிந்தார்.

"ஜீனத்து, கோட்டைத் தாண்டிட்டோம்! பாலிசி வருஷம் முடியுற பங்குனி வரைக்கும் இனிமே கம்பெனி செலவு. என் கண்ணு, உன் மூட்டு, ஃபரீன் பல்லு, எல்லாத்தையும் முடிச்சிடலாம்."

"என் வயித்தைக் கிழிச்சது உங்களுக்கு ஆடித் தள்ளுபடியா? சிரிப்புக் காட்டாதீங்க, தையல் இழுக்குது."

"பல்லெல்லாம் அதுல வராது அத்தா" என்றாள் மகள் ஃபரீன். "என்னை விடுங்க. மொதல்ல உங்க கண்ணைப் பாருங்க."

பார்த்தார். ஆபரேஷன் முடிந்து கண்கட்டை அவிழ்த்ததும் நர்ஸின் பின்னாலிருந்த திரையைக் காட்டி, "நேத்து பச்சையா இருந்துச்சே, எப்பம்மா நீலமா மாத்துனீங்க?" என்று கேட்டார்.

பங்குனியில் செவ்வந்தி, தங்கச்சி கல்யாணச் சேலையோடு வந்தாள். பாய் கையை நீட்டி ஒரு துணியை எடுத்துப் போட்டார். அவள் நம்புவாளா? இரண்டையும் அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். பாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாய்! அச்சு அசல் அதே நீலம்!" என்று வெயிலிலிருந்து குரல் வந்தது.

பாய் எழுந்து போய் அந்தக் கூடுதல் டியூப்லைட்டை அணைத்தார்.